மறக்காத ஊர் பிழைத்தது

(தொடர்கல்வி மையத்தில் பேசிய பேச்சு)



வரலாறு பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். வரலாறு என்றதும் பலருக்கு ராஜா கதை நினைவுக்கு வரும். போர் நினைவுக்கு வரும். அந்தமானில் வாழும் நமக்கு செல்லுலார் சிறை நினைவுக்கு வரும். 1943 டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி இங்கே கொடி ஏற்றியது நினைவுக்கு வரும். இவை எல்லாம் பெரிய செய்திகள். மறக்கக் கூடாதவை.

இன்று நான் வேறு ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறேன். அந்த நாளில் ராஜா வரவில்லை. படை வரவில்லை. கடல் வந்தது.

2004 டிசம்பர் 26. அந்த நாள்தான்.

உங்களில் சிலர் கேட்கலாம். "நடந்தது நடந்துவிட்டது. பழைய கதை பேசி என்ன ஆகப்போகிறது? வயிறு நிறையுமா?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பழைய கதையை மறக்காத ஓர் ஊர் இருக்கிறது. அந்தக் கதையால் அந்த ஊர் பிழைத்தது. அந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்பு நம் ஊரில் நடந்ததைப் பார்ப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். நிக்கோபார் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பண்டிகை முடிந்து அசதியாக இருந்த நேரம்.

காலை 6 மணி 29 நிமிடம். இந்தோனேசியாவில் சுமத்ரா என்ற தீவு இருக்கிறது. அதன் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி பிளந்தது. அந்தப் பிளவு ஓர் இடத்தில் நிற்கவில்லை. வடக்குப் பக்கமாக ஓடி வந்தது. நிக்கோபாரைத் தாண்டி அந்தமான் வரை வந்தது. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளம். போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் போகிறோமே, அந்தத் தூரத்துக்குக் கொஞ்சமும் குறையாது. அவ்வளவு தூரத்துக்குப் பூமி கிழிந்தது.

கடலின் அடித்தளம் சட்டென்று தூக்கியது. மேலே இருந்த தண்ணீரும் தூக்கியது. தூக்கிய தண்ணீர் எங்கே போகும்? நான்கு பக்கமும் அலையாகப் பாய்ந்தது. இதைத்தான் சுனாமி என்கிறோம். ஆழிப்பேரலை என்றும் சொல்கிறோம்.

நிக்கோபார் பிளவுக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே அலை வர அதிக நேரம் ஆகவில்லை. சில நிமிடங்களிலேயே கடல் ஊருக்குள் வந்துவிட்டது. கார் நிக்கோபார், கச்சால், நன்கௌரி, கிரேட் நிக்கோபார் எல்லாம் அடிபட்டன. கடலோரத்தில் தென்னந்தோப்பு இருந்தது. கால் நட்டுக் கட்டிய வீடுகள் இருந்தன. பன்றி, கோழி இருந்தன. பல ஊர்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கச்சால் தீவை உங்களுக்குத் தெரியும். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்ட வேலைக்காக அங்கே குடியேற்றினார்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, புது ஆண்டின் முதல் சூரியனைப் பார்க்க அந்தத் தீவுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். ஐந்து ஆண்டு முடிவதற்குள் அதே தீவு பிணம் தேடும் இடமாக மாறியது.

அந்தமான் நிக்கோபாரில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்ந்து 3,000 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். பல நாடுகளையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கும் அதிகம்.

நிலமும் மாறிப்போனது. வட அந்தமானில் தரை மேலே வந்தது. கடலுக்குள் இருந்த பவழப்பாறை வெளியே தெரிந்தது. தெற்கே தரை கீழே போனது. போர்ட் பிளேயர் பக்கம் சிப்பிகாட் இருக்கிறது. அங்கே நெல் விளைந்த வயலில் உப்புத்தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. இந்திரா முனையில் தரை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அதாவது இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். அங்கே இருந்த கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது.

ஒரு சொல் காப்பாற்றிய தீவு

இப்போது அந்த ஊரின் கதைக்கு வருகிறேன்.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. பூமி பிளந்த இடத்துக்கு அது மிக மிக அருகில் இருக்கிறது. நம்மைவிட அருகில். அன்று அங்கே பத்து நிமிடம்போல்தான் நேரம் இருந்தது. தீவில் இருந்தவர்கள் சுமார் 78,000 பேர். எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஏழு பேர்.

ஏழாயிரம் இல்லை. எழுநூறும் இல்லை. ஏழு பேர்தான்.

அவர்களிடம் என்ன இருந்தது? கருவி இருந்ததா? இல்லை. சைரன் இருந்ததா? இல்லை. ஒரே ஒரு சொல் இருந்தது. "ஸ்மோங்" என்பது அந்தச் சொல்.

1907-ஆம் ஆண்டு அந்தத் தீவில் ஒரு பெரிய அலை வந்தது. நிறையப் பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதை மறக்கவில்லை. அலைக்கு ஸ்மோங் என்று பெயர் சொன்னார்கள். பிள்ளைகளிடம் சொன்னார்கள். தாலாட்டில் பாடினார்கள். பேரப்பிள்ளைகளிடமும் சொன்னார்கள். சொன்ன செய்தி இவ்வளவுதான். நிலம் பலமாக ஆடும். பிறகு கடல் உள்வாங்கும். அப்போது நிற்காதே. மலைக்கு ஓடு.

97 ஆண்டுகள் போயின. 1907-ஐக் கண்ணால் பார்த்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். சொல் மட்டும் சாகவில்லை. 2004-ல் நிலம் ஆடியது. கடல் உள்வாங்கியது. யாரோ "ஸ்மோங்" என்று கத்தினார்கள். ஊரே மலை ஏறியது. வீடு போனது. ஆள் பிழைத்தார்கள்.

நம் தீவுகளிலும் இப்படி நடந்தது. லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்கள் இருக்கிறார்கள். நூறு பேர் அளவில் உள்ள சிறிய இனம். அவர்களுக்குப் பள்ளிப் படிப்பு கிடையாது என்று நாம் சொல்வோம். கடல் போன போக்கைப் பார்த்ததும் அவர்கள் மேட்டுப் பக்கம் போய்விட்டார்கள். தப்பித்தார்கள். அதே தீவில், ஹட்பே கரையில் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் உயிரையும் வீட்டையும் இழந்தார்கள்.

இதைச் சொல்வது யாரையும் குறை சொல்வதற்கு இல்லை. நிக்கோபார் மக்களுக்குக் கடல் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர்களுக்குக் கிடைத்த நேரம் குறைவு. அலையோ மிகப் பெரியது. கரையை ஒட்டிய சமவெளியில் ஓடி ஏற மேடும் பக்கத்தில் இல்லை.

நாங்கள் போர்ட் பிளேயரில் இருந்தோம். நிலம் சில நிமிடங்கள் ஆடியது. எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பேச்சு வந்தது. "கடல் தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறதாம், வா பார்க்கலாம்" என்றார்கள். சிலர் ஜெட்டிப் பக்கம் போனார்கள். அவர்கள் அறிவில்லாதவர்களா? இல்லை. படித்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அதுதான் விஷயம்.

எழுதியிருந்தது, படிக்கவில்லை

"நம் பக்கம் இதற்கு முன் இப்படி வந்ததில்லையே" என்று அப்போது பலர் சொன்னார்கள். அது சரியா?

1881 டிசம்பர் 31-ஆம் தேதி கார் நிக்கோபார் அருகே கடலில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அன்றும் சுனாமி அலை கிளம்பியது. அது பெரிய அலை இல்லை. ஆனால் துறைமுகங்களில் நீர்மட்டம் அளக்கும் கருவிகள் இருந்தன. போர்ட் பிளேயர், சென்னை, நாகப்பட்டினம் என்று பல இடங்களில் அந்த அலை பதிவானது. அதிகாரிகள் அதை ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள்.

1941 ஜூன் 26-ஆம் தேதி அந்தமானில் இன்னொரு பெரிய நிலநடுக்கம். செல்லுலார் சிறையின் சில பகுதிகள் சேதமடைந்தன. ராஸ் தீவில் கட்டடங்கள் சேதமடைந்தன. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானியப் படை வந்துவிட்டது. பஞ்சமும் கொலையும் வந்தன. 1944 ஜனவரி 30-ல் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவ்வளவு துன்பத்துக்கு நடுவில் நிலநடுக்கத்தை யார் நினைப்பார்கள்?

இன்னொன்றும் சொல்கிறேன். நம் தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது. "கடல்கோள்" என்பது அந்தச் சொல். கடல் வந்து நிலத்தைக் கொள்வது என்று பொருள். புகார் நகரத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலைக் காப்பியம் சொல்கிறது. ஆக, நம்மிடமும் சொல் இருந்தது. ஆனால் அது புலவர்களின் புத்தகத்தில் இருந்தது. மீனவர் வீட்டுத் தாலாட்டில் இல்லை. 2004-ல் கரையில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும்?

யோசித்துப் பாருங்கள். சிமெலுவே தீவில் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. நம் பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. அலமாரியில் பூட்டிய எழுத்து யாரையும் காப்பாற்றாது.

எழுத்தால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. எழுத்து காப்பாற்றிய ஊரும் உண்டு. ஜப்பானில் அனேயோஷி என்று ஒரு சிறிய கடற்கரை ஊர். 1933-ல் அங்கே சுனாமி வந்து ஊர் அழிந்தது. பிழைத்தவர்கள் மலைச்சரிவில் ஒரு கல் நட்டார்கள். இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று அதில் எழுதினார்கள். பிள்ளைகள் அதைப் படித்தார்கள். கல்லுக்கு மேலேதான் வீடு கட்டினார்கள். 2011-ல் ஜப்பானில் மிகப் பெரிய சுனாமி வந்தது. அலை மலை மேல் ஏறி வந்தது. அந்தக் கல்லை எட்டும் முன் நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகள் தப்பின.

நம் முன்னோரும் கல் நட்டவர்கள்தான். நடுகல் நட்டார்கள். கோயில் சுவரில் கல்வெட்டு வெட்டினார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நம் நிக்கோபாரின் பழைய பெயரே இருக்கிறது. மாநக்கவாரம் என்று ராஜேந்திர சோழன் காலத்தில் எழுதினார்கள். வெற்றியை எழுதத் தெரிந்த நாம், ஆபத்தையும் எழுதிவைக்க வேண்டும். எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிவைக்க வேண்டும்.

இன்று நிலைமை என்ன?

2004-ல் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு கிடையாது. தமிழ்நாட்டுக் கரைக்கு அலை போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இங்கே அடித்துவிட்ட அலை அங்கே இன்னும் போகவில்லை. இடையில் இரண்டு மணி நேரம்! நாகப்பட்டினத்தில் சொல்லியிருந்தால் எத்தனை பேர் நடந்தே தப்பியிருப்பார்கள்! சொல்ல வழி இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறவில்லை.

இப்போது வழி இருக்கிறது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 அக்டோபர் முதல் வேலை செய்கிறது. கடலில் நிலநடுக்கம் வந்தால் சில நிமிடங்களில் கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா பக்கம் மறுபடியும் பெரிய நிலநடுக்கம் வந்தது. உடனே எச்சரிக்கை வந்தது. மக்கள் கரையை விட்டுப் போனார்கள். நல்லவேளை, பெரிய அலை வரவில்லை. அப்படி ஓடியது வீண் என்று நினைக்கக் கூடாது. அது ஒரு நல்ல ஒத்திகை.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். சென்னைக்கு எச்சரிக்கை முதலில் வரும், அலை பிறகு வரும். நிக்கோபாரில் அப்படி இல்லை. செய்தி வருவதற்குள் அலையே வந்துவிடலாம். ஆகவே நமக்கு முதல் எச்சரிக்கை ரேடியோவும் இல்லை, செல்போனும் இல்லை. நம் காலுக்குக் கீழே ஆடும் நிலம்தான் எச்சரிக்கை.

இன்று எனக்கு ஒரு கவலை உண்டு. 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று பிறந்த குழந்தை இன்று பெரிய ஆளாகிவிட்டது. அன்று நடந்தது அதற்குத் தெரியாது. வெளியூரிலிருந்து புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். கட்டட வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் தெரியாது. இடங்களின் பெயர்களும் மாறுகின்றன. ராஸ் தீவு 2018-ல் நேதாஜி பெயரைப் பெற்றது. போர்ட் பிளேயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பெயர் மாறினாலும் கரை அதே கரைதான். கடல் அதே கடல்தான்.

கிரேட் நிக்கோபாரில் பெரிய துறைமுகம் கட்டத் திட்டம் இருக்கிறது. விமான நிலையம், மின்நிலையம், புது நகரம் எல்லாம் திட்டத்தில் உண்டு. 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் அந்தத் தீவில் சுமார் 8,000 பேர்தான் இருந்தார்கள். திட்டப்படி நடந்தால் லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். காடும் ஆமையும், நிக்கோபார், ஷோம்பென் மக்களும் என்ன ஆவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நீங்கள் செய்தித்தாள் படியுங்கள். இரண்டு பக்கத்தையும் படித்துச் சொந்தமாக யோசியுங்கள்.

நான் கேட்பது ஒரு கேள்விதான். இந்திரா முனை தாழ்ந்தது அந்தத் தீவில்தான். புதிதாக வரும் லட்சம் பேருக்கு அதை யார் சொல்வார்கள்? எந்தக் கல்லில் எழுதி வைப்பார்கள்?

நாம் செய்ய வேண்டியது

முதலில், நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று. கடற்கரையில் இருக்கிறீர்கள். நிலம் பலமாக ஆடுகிறது, அல்லது வெகுநேரம் ஆடுகிறது. ஆட்டம் நின்றதும் மேட்டுக்குப் போங்கள். யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு. கடல் திடீரென்று உள்வாங்கினால், அல்லது பெரிய இரைச்சல் கேட்டால், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். மீன் துள்ளினாலும் பொறுக்கப் போகாதீர்கள்.

மூன்று. பெட்டி, நகை, ரேஷன் கார்டு என்று தேடி நேரத்தைப் போக்காதீர்கள். பிள்ளையைத் தூக்குங்கள். வயதானவர் கையைப் பிடியுங்கள். நடங்கள்.

நான்கு. ஓர் அலை போனதும் இறங்கி வராதீர்கள். இரண்டாவது, மூன்றாவது அலை இன்னும் பெரிதாக வரலாம். அதிகாரிகள் சொன்ன பிறகே இறங்குங்கள்.

இனி, எழுத்துக் கற்ற உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் 2004-ஐப் பார்த்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். தண்ணீர் எதுவரை வந்தது, எந்த வழியாக ஓடினார்கள், எந்த மேட்டில் நின்றார்கள், யார் யார் போனார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை. தேதியும் ஊர்ப் பெயரும் சரியாக இருந்தால் போதும்.

கேட்கும்போது அவர்கள் அழலாம். அழட்டும். பொறுமையாக இருங்கள். பேச மனம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். இன்னொரு நாள் போங்கள்.

எழுதியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். மையத்தில் உரக்கப் படியுங்கள். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். தண்ணீர் வந்த இடத்தில் பஞ்சாயத்தைக் கேட்டு ஒரு பலகை வையுங்கள். தமிழ், இந்தி, வங்காளம், நிக்கோபாரி என்று இங்கே பல மொழி பேசுகிறோம். எல்லா மொழியிலும் எழுதச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி மேடு இருக்கும் பக்கம் அம்புக்குறி போடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டும் கட்டுங்கள். நீங்களே கட்டுங்கள். இரண்டு வரி போதும். நிலம் ஆடினால் மேடு ஏறு என்று அதில் வரவேண்டும்.

நீங்கள் எழுதப் படிக்கக் கற்றீர்கள். கையெழுத்துப் போடுகிறீர்கள். கப்பல் டிக்கெட்டைப் படிக்கிறீர்கள். கூலிக் கணக்கைப் பார்க்கிறீர்கள். மிக நல்லது. அதோடு இந்த ஒரு நோட்டையும் எழுதிவிடுங்கள். அடுத்த அலை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாம் இருக்கும்போது வரலாம். நம் கொள்ளுப்பேரன் காலத்திலும் வரலாம். அன்று நாம் இருக்க மாட்டோம். நம் நோட்டு இருக்கட்டும். அதைப் படித்த பிள்ளை மேட்டில் நிற்கட்டும்.